இனிஷியல் மட்டும் வேறு

வரைபடங்களைப் பத்திரமாக வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டு நான் இப்படிச் சொன்னால், பீரோவில் சுருட்டி வைக்கிற காகிதத்தை நினைத்துக்கொண்டு, "அதுக்குக்கூடவா ஒரு ஆளு?" என்பார்கள். நான் வரைவதில்லை. மற்றவர்கள் வரைந்ததைத் திறந்து பார்ப்பதுமில்லை. எத்தனை கோப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, எத்தனை முறை திருத்துவார்கள், எத்தனை பிரதி வேண்டும், அடுத்த வருடம் எவ்வளவு கூடும். இவற்றைப் பெருக்கி ஓர் எண் எழுதிக் கொடுப்பேன். எண் குறைந்தால் யாருடைய வரைபடமோ வெளியே போகும். கூடினால் ஏதோ ஒரு வார்டில் குழாய் வற்றும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கோப்பு உட்கார்ந்திருக்கும் இயந்திரம் சூடாகும். அதைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். கோவையில் ஒரு பெட்டாபைட், அதாவது பத்து லட்சம் ஜிபி, ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருக்க, நூற்றிருபது குடும்பங்கள் வருடம் முழுவதும் புழங்குகிற தண்ணீர் போகிறது. அதனால்தான் தண்ணீர்ச் சட்டம் வந்தபோது சேமிப்பு இடத்துக்கும் ரேஷன் வந்தது.

எங்கள் காப்பகத்தில் இருப்பவை இதய வால்வுகளின் வரைபடங்கள். பதினைந்து வருடம் முன்பு மேற்கு மாவட்டங்களில் வந்த காய்ச்சல் லட்சக்கணக்கானவர்களின் வால்வுகளை மெல்ல மெல்லக் கெடுத்துவிட்டது. கெடுவதற்கு முன்பே, காய்ச்சல் வந்த வாரத்திலேயே, ஒவ்வொருவரின் வால்வையும் முடியிழை அளவுக்கு அளந்து கணினியில் வரைந்து வைத்தார்கள். அந்த மூல வரைபடத்தை வைத்துப் புது வால்வை அச்சடித்துப் பொருத்தலாம். ஏழு வருடம் ஓடும். பிறகு மறுபடி அச்சடிக்க வேண்டும். சொந்த வால்வை வெட்டி எடுத்த பிறகு அளப்பதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. வரைபடம் போனால் போனதுதான்.

எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. என் வரைபடமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டரை வருடம் முன்பு ஒரு மதியம் இயக்குநர் விக்னேஷ் சார் கூப்பிட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். முன்பு வால்வு அச்சகத்தில் பொறியாளராக இருந்தவர், கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"நம்ம இட ரேஷனை ஆறு சதவீதம் குறைச்சுட்டாங்கம்மா," என்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள இடத்தைக் காலி பண்ணிக் காட்டணும்."

"இன்னிக்கு செவ்வாய் சார்."

"அதைத்தான் நானும் சொன்னேன். மூணு நாள் இருக்குதேன்னாங்க."

மொத்தம் ஆறரை லட்சம் வரைபடம். சராசரி அறுபது ஜிபி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. எழுபத்தெட்டு பெட்டாபைட். அதில் ஆறு சதவீதம் என்றால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் இடத்தை விடாவிட்டால் ரேஷன் அதிகாரிகளே கடைசியில் சேர்ந்த நாற்பதாயிரம் பேரை அழித்துவிடுவார்கள். அது சட்டத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் என் பெயரையே தேடிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால், பயம்தான். இரண்டு பதிவு வந்தது. மு. பவதாரிணி, திருப்பூர். ச. பவதாரிணி, கோவை. ஒரே பிறந்த நாள், ஒரே ரத்த வகை. இரண்டும் நானேதான். கல்யாணமாகிக் கோவைக்கு வந்தபோது இங்கே ஆஸ்பத்திரியில் என் கணவர் சரணின் இனிஷியலோடு மறுபடி பதிந்தார்கள், வரைபடத்தையும் நகலெடுத்து வைத்தார்கள். பழையதை யாரும் அழிக்கவில்லை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மருத்துவக் கோப்பில் அடையாள எண் போடக்கூடாது என்று சட்டம். பெயர்தான் எல்லாம். எங்கள் மென்பொருளை எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் என்றாலே புரியாது. கல்யாணமானால் அப்பா போய்ப் புருஷன் வருவார் என்பது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும். பெயர், பிறந்த நாள், ரத்த வகை எல்லாம் ஒன்று, இனிஷியல் மட்டும் வேறு, பாலினம் பெண். இப்படித் தேடினேன். நாற்பத்தோராயிரம் ஜோடி வந்தது.

மறுநாள் காலையில் விக்னேஷ் சாரிடம் கொண்டுபோனேன்.

"நாப்பத்தோராயிரம் இரட்டைக் கோப்பு. அழிச்சா நாலு புள்ளி ஒம்பது பெட்டாபைட் கிடைக்கும். யாருக்கும் ஒண்ணும் போகாது சார்."

"ரெண்டுல எதை வெப்பே?"

"பேரும் அட்ரஸும் புதுப் பதிவுலேர்ந்து. படம், எதுல திருத்தம் அதிகமா இருக்கோ அதுலேர்ந்து. அதுதானே முழுசான படம்?"

"ரெண்டு பேரும் வேற வேற ஆளா இருந்துட்டா?"

மென்பொருளிடம் அதையும் கேட்டிருந்தேன். தற்செயலாக இத்தனையும் ஒத்துப்போகிற இருவேறு பெண்கள் அதிகபட்சம் பதினைந்து ஜோடி இருக்கலாம் என்று சொல்லியது. பட்டியலில் கை போன போக்கில் ஐம்பது பேரை எடுத்து நானே போன் செய்தேன். ஐம்பது பேருக்கும் கல்யாணமாகி இனிஷியல் மாறியிருந்தது. ஒருத்தி, "ஆமாக்கா, அதை மாத்த நான் பட்ட பாடு இருக்கே," என்று கால் மணி நேரம் பேசினாள்.

"எல்லாப் படத்தையும் தெறந்து ஒத்துப் பாத்துட்டா?" என்றார் சார்.

"எட்டு நாளாகும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினஞ்சு பேர்," என்றார். "இந்தப் பக்கம் நாப்பதாயிரம் பேர். பதினஞ்சு பேரும் ஒரே நாள்ல வரப்போறதில்லே. வரும்போது பாத்துக்கலாம். கையெழுத்துப் போடும்மா."

பதினைந்து பேர் என்றால் ஒரு ஷேர் ஆட்டோவில் திணித்து ஏற்றிவிடலாம். நான் அப்படித்தான் நினைத்தேன், அப்படி நினைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அழித்தார்கள். அழித்த இடத்தின் மேல் அன்றே வேறு எழுத்துகளை எழுதி மூடினார்கள், அதுவும் சட்டம். சாயங்காலம் சார் எல்லாருக்கும் ரோட்டுக்கடையில் காளான் வாங்கித் தந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். முப்பத்தெட்டு வயது, ஒல்லி. கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் கம்பிச் சுருள் கட்டுகிறவள். செம்புக் கம்பி இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் கீறல். மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வால்வு வெக்கோணுங்க," என்றாள். "ஆறு வாரத்துக்குள்ள வெக்கோணும்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. அச்சகத்துல எம்பட பேரே இல்லீங்கறாங்க. இங்க போய்க் கேளுன்னாங்க."

"பேர் சொல்லுங்க."

"மகிழினிங்க. க. மகிழினி."

தேடினேன். திரையில் வே. மகிழினி, பொள்ளாச்சி என்று வந்தது. பிறந்த நாள் சரியாக இருந்தது. ரத்த வகை ஓ பாசிட்டிவ், அதுவும் சரி.

"கல்யாணத்துக்கு அப்பறம் இனிஷியல் மாத்துனீங்களா?"

"இல்லீங்க. அப்பா இனிஷியல்தான். புருஷன் பேரைப் போட்டு, அவன் விட்டுப்போட்டுப் போனப்பறம் மறுபடி மாத்தறதுக்கு எத்தனை ஆபீசு ஏறி எறங்கறதுங்க? அதெல்லாம் முன்னயே ரோசனை பண்ணித்தான் மாத்தாம வுட்டேன்." சிரித்தாள். பிறகு என் முகத்தையும் திரையையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வே. யாருங்க?"

பதினைந்தில் ஒன்று. அவ்வளவு சீக்கிரம் எதிரே வந்து உட்காரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"உங்க பேர்லயே இன்னொருத்தர் இருக்காங்க போலிருக்கு," என்றேன். "ஒரே நாள்ல பிறந்தவங்க. ரொம்ப அபூர்வமா இப்படி ஆகும்."

"அபூர்வமாவா?" என்றாள் அவள். "ஏனுங்க, நான் மாசி மகத்துல பொறந்தவ. அன்னிக்கு நல்ல நாளுன்னு பாதிப் பேரு ஆப்பரேசனுக்கு நேரங்குறிச்சுக் குடுத்துப் பெத்துக்கிட்டாங்களாமா. மக நட்சத்திரத்துக்கு ம, மி, மு, மெ. அதுலதான பேரு வெக்கோணும்? அந்த வருசம் மகிழினிதான் எல்லாத்துக்கும் புடிச்ச பேரு. எங்க ஆஸ்பத்திரில மட்டுமே அன்னிக்கு மூணு மகிழினின்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

பிறந்த நாளுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அந்த மென்பொருள் கணக்குப் போட்டது. அதை எழுதியவர்கள் ஊரில் சம்பந்தமில்லைதான். இங்கே நாள் நட்சத்திரத்தைக் கொடுக்கும், நட்சத்திரம் எழுத்தைக் கொடுக்கும், எழுத்து பெயரைக் கொடுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மகனுக்குப் பெயர் வைக்க, பிறந்த மூன்றாம் நாள் நானே மடியில் போனை வைத்துக்கொண்டு எழுத்துத் தேடியவள். இனிஷியலை நினைவில் வைத்துக்கொண்டவளுக்கு நட்சத்திரம் மறந்துபோயிருந்தது.

அவளைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு, நட்சத்திர எழுத்தையும் முகூர்த்த நாள் பிரசவத்தையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். பதினைந்து என்பது ஏறக்குறைய முந்நூறு ஆயிற்று. யார் அந்த முந்நூறு பேர் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கோப்பைத்தான் அழித்துவிட்டோமே. எத்தனை பேர் என்பது மட்டும் தெரியும். நான் என்ன வேலைக்குப் படித்தேனோ அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

திரும்பி வந்தபோது க. மகிழினி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். போன முறை வால்வு வைத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். லேமினேட் செய்து வைத்திருந்தாள். அதில் வால்வின் மூன்று குறுக்களவுகள் இருந்தன: இருபத்துமூன்று புள்ளி நாலு, இருபத்தொன்று புள்ளி ஏழு, இருபத்தாறு புள்ளி ஒன்று. அதை வைத்து வால்வு செய்ய முடியாது. ஆனால் அடையாளம் பார்க்க முடியும்.

பேரும் அட்ரஸும் புதுப் பதிவிலிருந்து, படம் திருத்தம் அதிகமுள்ள கோப்பிலிருந்து. என் விதி. அப்படியென்றால் வே. மகிழினி என்ற பெயருக்குள் இருக்கும் படம் இரண்டு பேரில் யாருடையதாகவும் இருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடத்தில் முதல் முறையாக ஒரு வரைபடத்தைத் திறந்தேன். திறக்க நேரமாயிற்று. அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன். இவளுடையதாக இருக்கட்டும், இவளுடையதாக இருக்கட்டும். அந்த வேண்டுதலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொள்ளாச்சியில் இருக்கிறவளுடையது அழிந்திருக்கட்டும் என்று அர்த்தம். அவளை நான் பார்த்ததில்லை. இவள் என் எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

இருபத்துமூன்று புள்ளி நாலு. இருபத்தொன்று புள்ளி ஏழு. இருபத்தாறு புள்ளி ஒன்று.

"உங்களுதுதான்," என்றேன். அவள் இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழாவது படிக்கிற ஒரு மகள் இருக்கிறாளாம், வேறு யாருமில்லையாம். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் கேட்டாள்.

"அப்ப அவீகளுதுங்க?"

நான் கோப்பை மூடிவிட்டு விக்னேஷ் சாரின் அறைக்குப் போனேன்.

விக்னேஷ் சார் எல்லாவற்றையும் கேட்டார். முந்நூறு என்று சொன்னபோது எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நாப்பத்தோராயிரம் பேருக்கும் தகவல் குடுத்துடலாம் சார். அவங்கவங்க டிஸ்சார்ஜ் தாளை வெச்சு அளவைச் சரிபார்க்கட்டும்."

"படம் இல்லேன்னு தெரிஞ்சா? அப்பறம் என்ன குடுப்பே?"

"எல்லாருக்கும் பொதுவா ஒரு வால்வு இருக்குதில்ல சார்?"

"அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஒத்துக்கும். அச்சகத்துல நானே பாத்திருக்கேன்." ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ஒரே ஒரு வழி இருக்கு. உள்ளே இருக்கிற வால்வை ஸ்கேன் பண்ணி, அது எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டு, பழைய அளவை மீட்டு எடுக்கலாம். வெச்சு மூணு வருஷத்துக்குள்ளன்னா பாதிக்குப் பாதி வரும். அதுக்கு மேல ஒவ்வொரு மாசமும் கஷ்டம். தேஞ்ச செருப்பைப் பாத்துக் கடையில அளவு சொல்ற மாதிரிதான். இந்தப் பொண்ணுக்கு ஏழு வருஷம் ஆயிருச்சு, இவளுக்கு அது நடக்காது. அந்தப் பொள்ளாச்சிக்காரிக்கு எப்போ வெச்சாங்க?"

பார்த்தேன். வே. மகிழினியின் வால்வுக்கு இரண்டு வருடம் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

"அப்படின்னா அவங்களை உடனே கூப்பிடணும் சார்."

"கூப்பிட்டா என்ன ஆகும் சொல்லு. அந்தப் படம் இப்போ சட்டப்படி யாருது? வே. மகிழினியோடது. அவ கையெழுத்து இல்லாம அச்சுக்கு விட முடியாது. நாம தப்பு பண்ணிட்டோம்னு எழுதித் திருத்தினா, விசாரணை. விசாரணை முடியற வரைக்கும் படத்தை முடக்கி வைப்பாங்க. குறைஞ்சது ஆறு மாசம். இவளுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஆறு வாரம்."

"பேர்த் திருத்த ஒப்புதல்னு ஒரு படிவம் இருக்கு. இந்தப் படம் என்னுது இல்லே, தவறுதலா என் பேர்ல இருக்குன்னு அவளே எழுதிக் குடுத்துட்டா விசாரணை கிடையாது. மறுநாளே அச்சுக்குப் போகும்." குரலைத் தாழ்த்தினார். "உன் படம் அழிஞ்சு போச்சுன்னு முதல்லயே சொல்லிட்டு, அப்பறம் கையெழுத்துக் கேட்டா யாரும்மா போடுவா? என் பேர்ல இருக்கிறது என்னுதுன்னுதான் சொல்லுவா. நான்னா அப்படித்தான் சொல்லுவேன். முதல்ல இவ பொழைக்கட்டும். அதுக்கப்பறம் அவகிட்டப் பேசலாம்."

ஆறு வாரம்தானே என்று நினைத்தேன். இரண்டு வருடம் பதினொரு மாதம் மூன்று வருடமும் அரை மாதமும் ஆகும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதில் நான் கெட்டிக்காரி.

பொள்ளாச்சிக்கு நான் மட்டும் போவதாக இருந்தேன். க. மகிழினி கேட்கவில்லை. "எம்பட உசுருக்கு நானே போயிக் கேக்காட்டி எப்படிங்க?" என்று உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேன், மூன்று வருடம், மாதக் கணக்கு, விசாரணை, ஆறு வாரம். பஸ் கிணத்துக்கடவு தாண்டியது.

"அவீகளுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்னு பதிவுல இருக்கு."

அதற்குப் பிறகு இறங்கும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வே. மகிழினி நகரத்துக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் நாரில் கயிறு திரிக்கும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள். குண்டான, சிரித்த முகம். புடவையெல்லாம் நார்த்தூசி. நாங்கள் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டாள்.

"உங்க ஆபீசுலேர்ந்து போன மாசங்கூட மெசேஜ் வந்துச்சுங்க. உங்கள் வரைபடம் பத்திரமாக உள்ளதுன்னு. எங்க வூட்டுக்காரரு அதைப் படிச்சுப்போட்டு, உன்னைவிட உன் படத்தை நல்லாப் பாத்துக்கறாங்கன்னாரு."

அந்த மெசேஜ் வருடத்துக்கொரு முறை தானாகவே போகும். அதற்கு ஒப்புதல் கொடுப்பதும் நான்தான்.

க. மகிழினி தன் பெயரைச் சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்களும் மகிழினியா? மாசி மகமா? எந்நேரத்துல பொறந்தீங்க?"

"காலையில ஆறரைங்க."

"நான் ஒம்பது மணிக்கு. அப்ப நீ அக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா சொல்லும், பக்கத்து பெட்டுலயும் ஒரு மகிழினின்னு. நீயாத்தான் இருக்கும் பாரு. ஒரே நாளு, ஒரே நட்சத்திரம், ஒரே பேரு, ஒரே சீக்கு. உனக்கு ஒண்ணு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான்."

க. மகிழினி கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. நான் படிவத்தை எடுத்தேன். பெயர் ஒன்றாக இருந்ததால் கோப்பில் ஒரு குழப்பம் என்றும், இந்த அக்காவின் படம் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது என்றும் சொன்னேன். அதுவரை நான் சொன்னதெல்லாம் நிஜம்.

அவள் படிவத்தை வாசித்தாள். முழுக்க வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

"இந்தப் படம் என்னுது இல்லேன்னு போட்டிருக்குதுங்க. அப்ப எம்பட படம் எங்கீங்க?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். பக்கத்தில் க. மகிழினி இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கயிறு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் அது கேட்டது.

"அது தனியா இருக்குதுங்க," என்றேன்.

"பத்திரமா?"

"பத்திரமா இருக்குதுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். வே. மகிழினி. இனிஷியலைப் பெரிதாக, பெயரைச் சிறிதாக.

மறுநாளே படம் அச்சுக்குப் போயிற்று. ஐந்தாவது வாரம் க. மகிழினிக்கு வால்வு வைத்தார்கள். நன்றாக இருக்கிறாள், இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆறாவது வாரம் நான் விக்னேஷ் சாரிடம் போய் நின்றேன். தணிக்கை நடக்கிறது, அடுத்த மாதம் பேசலாம் என்றார். அடுத்த மாதம் நான் மறுபடி போய் நின்றேனா என்றால், இல்லை. ஒவ்வொரு மாதமும் போனை எடுப்பேன், பொள்ளாச்சி எண்ணைத் திரையில் கொண்டுவருவேன், வைத்துவிடுவேன். போன மாதமே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? தள்ளிப்போடப் போட அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று. சார் ஓய்வு பெற்றுவிட்டார். முந்நூறில் இதுவரை எழுபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். பொது வால்வு வைத்ததில் பதிமூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. என் கணக்கு அழகாக இருந்தது என்று பாராட்டுக் கடிதம் ஒன்று வந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

வே. மகிழினி இன்னும் வரவில்லை. அவள் வால்வு ஓய ஏறக்குறைய இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. அவள் வால்வை ஸ்கேன் செய்து அளவை மீட்க இப்போது எவ்வளவு வாய்ப்பு என்று அச்சகத்தில் பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். இனி அதற்கு ஸ்கேன் எடுப்பதே வீண் என்றார்கள்.

பொள்ளாச்சிக்குப் போன அன்றைக்கு, கையெழுத்துக்குப் பிறகு அவள் எங்களை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் க. மகிழினியின் பையில் தேங்காய் நாலு போட்டாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது ஏதோ நினைவு வந்தவளாக என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வால்வு வெச்சு அடுத்த மாசத்தோட மூணு வருசங்க. நடுவுல ஒருக்கா வந்து ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருக்காரு. இப்ப வரட்டுங்களா, இல்ல தேங்கா சீசன் முடிஞ்சு வரட்டுங்களா?"

பஸ் வந்து நின்றது. க. மகிழினி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு தடவைதான் பார்த்தாள்.

"சீசன் முடிஞ்சே வாங்க," என்றேன். "அவசரமில்லைங்க."